பொருளாதார மந்த காலத்தில் சொந்தத் தொழில்: வாய்ப்பை எங்கே தேடுவது?

ஸ்பேனர்:

எல்லோருக்கும் வணக்கம். தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். கம்ப்ரசர், பம்ப், கன்வேயர், மோட்டார் எல்லாம் கைப்பழக்கம். எங்கள் இடத்தில் ஆர்டர் குறைந்து இரண்டு ஷிப்ட் ஒன்றாகிவிட்டது. ஒரு தடவை ஆட்குறைப்பு முடிந்தது. அடுத்த பட்டியல் எப்போது என்றுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறோம். அதில் என் பெயர் வரும்வரை உட்கார்ந்திருக்காமல், சொந்தமாக ஏதாவது ஆரம்பிக்கலாமா என்று யோசனை.

வீட்டுச் செலவுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் தாங்கும் சேமிப்பு இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் தொழிலில் போட வீட்டில் சம்மதம் இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் மனசில்லை. கடன் வாங்கும் எண்ணமே கிடையாது.

இதைப் பற்றித் தேடினால் "மந்தத்தில்தான் பெரிய கம்பெனிகள் பிறந்தன" என்று ஏர்பிஎன்பி, ஊபர், வாட்ஸ்அப் என்ற அதே மூன்று பெயரைத்தான் போடுகிறார்கள். நான் ஆப் செய்யப் போவதில்லை. மந்தத்தில் அடிபடாத துறை என்று ஏதாவது உண்டா? இருந்தால் எனக்குத் தெரிந்த வேலையை விட்டுவிட்டுக்கூட அதற்குப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நிழல்வாசி:

அந்த மூன்று பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பியை ஆரம்பித்தவர்கள் மந்தத்தைக் கணித்து ஆரம்பிக்கவில்லை. 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் அவர்களுக்கே வாடகை கொடுக்க முடியாமல், ஒரு வடிவமைப்பு மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் தங்கள் வீட்டில் காற்று மெத்தை போட்டுக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் மந்தம் தொடங்கியதாகப் பின்னால் குறிக்கப்பட்ட மாதமே 2007 டிசம்பர்தான். அதே சமயத்தில் ஆரம்பித்து மூடப்பட்டவர்களின் பட்டியலை யாரும் போடுவதில்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொன்று. "மந்தம் வந்துவிட்டது", "மந்தம் போய்விட்டது" என்ற செய்தியை வைத்து நாள் குறிக்காதீர்கள். அமெரிக்காவில் அதை முறைப்படி சொல்லும் என்.பி.இ.ஆர். என்ற ஆய்வு அமைப்பு, 2007 டிசம்பரில் தொடங்கியதை 2008 டிசம்பரில்தான் அறிவித்தது. 2009 ஜூனில் முடிந்ததை 2010 செப்டம்பரில் சொன்னது. இடையில் 2009 அக்டோபரில், அதாவது கணக்குப்படி மந்தம் முடிந்த பிறகு, வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. உங்களுக்கு மந்தம் ஷிப்ட் குறைந்த அன்றே வந்துவிட்டது. புள்ளிவிவரம் மெதுவாக வரட்டும்.

அடிபடாத துறை பற்றி: மருத்துவம், கல்வி, அத்தியாவசியப் பொருள் என்று வழக்கமாகச் சொல்வார்கள். தேவை குறையாது, சரிதான். ஆனால் வேறு துறையில் வேலை போனவர்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம்தான் திரும்புவார்கள். தெரியாத வேலையில், கூட்டமான இடத்தில், கையில் கொஞ்சப் பணத்தோடு நுழைவது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

பழையஇரும்பு:

தம்பி, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள். எந்தத் துறை அடிபடாது என்று கேட்காமல், அடிபட்டவர்கள் எதைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நான் கம்ப்ரசர், பம்ப் சர்வீஸ் செய்பவன். கெட்ட காலமும் பார்த்திருக்கிறேன், நல்ல காலமும் பார்த்திருக்கிறேன். என் தொழில் சூடுபிடித்ததெல்லாம் கெட்ட காலத்தில்தான்.

மந்தத்தில் தொழிற்சாலைகள் முதலில் நிறுத்துவது புது இயந்திரம் வாங்குவதை. நிறுத்திவிட்டால் போதுமா? இந்த வருடம் கழற்றி எறிய வேண்டிய கம்ப்ரசர் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓடியாக வேண்டும். ஆயில் சீல் போகும், பேரிங் கத்தும், வால்வு பிளேட் உடையும். அதைச் சரிசெய்ய ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் போன மாதம் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்! ஆளைக் குறைத்தார்களே தவிர வேலையைக் குறைக்கவில்லை. முழு மாதச் சம்பளம் கொடுக்க முடியாத இடத்தில், வாரத்துக்கு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்குக் கொடுக்கப் பணம் இருக்கும். அதனால் பட்டியலில் உங்கள் பெயர் வந்தால், வெளியேறும்போதே மேலாளரிடம் பேசிவிட்டு வாருங்கள். உங்களை அனுப்புகிற இடமே முதல் வாடிக்கையாளராக வருவது எங்கள் தொழிலில் சாதாரணம். கோபத்தில் கதவை அறைந்துவிட்டு வருபவர்களுக்கு மட்டும் அது கிடைப்பதில்லை.

அப்புறம் நிறுத்தி வைத்த உற்பத்தி லைன். இதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு ஷிப்ட் ஆக்கினால் பாதி இயந்திரம் சும்மா நிற்கும். ஓடுகிற இயந்திரத்தைவிட நிற்கிற இயந்திரம் சத்தமில்லாமல் கெடும் என்பது உங்களுக்கே தெரியும். மோட்டார் வைண்டிங்கில் ஈரம் ஏறி இன்சுலேஷன் இறங்கும். பக்கத்து இயந்திரத்தின் அதிர்விலேயே, சுற்றாமல் நிற்கும் பேரிங்கில் உருளைகள் உட்கார்ந்த இடத்தில் தடம் விழும். பம்புக்குள் தண்ணீர் நின்றால், உள்ளே சுற்றும் இம்பெல்லர் சக்கரம் துருவோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதம் கழித்து ஆர்டர் வந்து ஸ்விட்சைப் போட்டால் புகைதான் வரும். மாதம் ஒரு முறை போய் ஷாஃப்டைக் கையால் சுற்றி வேறு நிலையில் நிறுத்துவது, மெக்கர் என்ற இன்சுலேஷன் சோதனைக் கருவியை வைத்துப் பார்த்து எழுதுவது, கிரீஸ் மாற்றுவது, தண்ணீரை வடிப்பது: இதற்கு ஒரு சின்ன ஒப்பந்தம் கேட்டுப் பாருங்கள். முதலீடு என்று பார்த்தால் மெக்கரும் உங்கள் டூல் பெட்டியும்தான். சந்தை திரும்பும்போது அந்த லைனை மறுபடி கிளப்பும் வேலையும் உங்களுக்கே வரும். அதுதான் பெரிய வேலை.

மூன்றாவதாக ஒன்று சொல்கிறேன், எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. காற்றுக் கசிவு. விற்பனை விழுந்த முதலாளியிடம் போய் "இன்னும் அதிகம் விற்க உதவுகிறேன்" என்றால் அவர் காதில் விழாது. "மின்கட்டணத்தைக் குறைக்கிறேன்" என்றால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார். கம்ப்ரசர் தள்ளும் காற்றில் 20 முதல் 30 சதவீதம்வரை கசிவில் வீணாவது சகஜம் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே எழுதி வைத்திருக்கிறது. நான் போய்ப் பார்த்த இடங்களில் அதற்குக் கீழே இருந்தது அபூர்வம்.

இதை நிரூபிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு கடிகாரம் போதும். விடுமுறை நாளில், காற்று கேட்கிற இயந்திரம் ஒன்றுகூட ஓடாதபோது, கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். லோடில் (காற்றைத் தள்ளும்போது) எத்தனை நிமிடம், அன்லோடில் (காற்றைத் தள்ளாமல் சும்மா ஓடும்போது) எத்தனை நிமிடம் என்று பல சுற்றுக்கு எழுதுங்கள். யாருமே காற்று கேட்காத நேரத்தில் அது லோடு எடுப்பதே கசிவுக்காகத்தான். 10 நிமிடத்தில் 3 நிமிடம் லோடு என்றால் கம்ப்ரசர் திறனில் 30 சதவீதம் ஓட்டை வழியாகப் போகிறது. அவ்வளவுதான் கணக்கு. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரில் ஓடும் கம்ப்ரசருக்கு இது சரிவராது. அதற்கு கம்ப்ரசரை நிறுத்திவிட்டு டேங்கில் அழுத்தம் இறங்கும் நேரத்தைப் பார்க்க வேண்டும். ஓட்டை எங்கே என்று தேட சோப்புத் தண்ணீர் போதும். கையில் காசு வந்த பிறகு அல்ட்ராசோனிக் கருவி வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் ஹோஸ் கிளாம்ப், குயிக் கப்ளிங், டிரெயின் வால்வு, எஃப்.ஆர்.எல். யூனிட் (காற்றை வடிகட்டி, அழுத்தத்தைச் சீராக்கி, எண்ணெய் சேர்க்கும் பகுதி) இவற்றில்தான் இருக்கும்.

கவனியுங்கள், குழாயில் அழுத்தம் அதேதான் என்றால் கசிவும் அதேதான். உற்பத்தி பாதியானால் அது பாதியாகாது. அதனால் மந்தத்தில் ஒரு பொருளுக்கு விழும் காற்றுச் செலவு ஏறிக்கொண்டே போகும். மூடிக்கிடக்கும் பிரிவுக்குப் போகும் குழாயில் ஒரு வால்வை அடைத்தாலே பாதி இடத்தில் பிரச்சினை தீர்ந்துவிடும். அதோடு, 7 பார் அழுத்தத்தில் ஓட்டும் இடத்தில் 6 போதுமென்றால் அந்த 1 பாரிலேயே சுமார் 7 சதவீத மின்சாரம் மிச்சம்.

ஏர் டேங்கில் மட்டும் வெல்டிங் அது இது என்று கை வைக்காதீர்கள். அழுத்தக் கலன் என்பதால் பெரும்பாலான நாடுகளில் அதற்குச் சட்டப்படி சோதனையும் சான்றும் உண்டு. ஏதாவது நடந்தால் தொழில் மட்டுமல்ல, எல்லாமே போய்விடும்.

கணக்குப்பிள்ளை:

பழையஇரும்பு அண்ணன் வேலையைச் சொல்லிவிட்டார். நான் பணத்தைச் சொல்கிறேன். சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு.

மந்தத்தில் சின்னத் தொழில்கள் ஆர்டர் இல்லாமல் மூடுவதைவிட, ஆர்டர் இருந்தும் பாக்கி வராமல் மூடுவதை நான் அதிகம் பார்க்கிறேன். 30 நாளில் கொடுத்தவர் 60 என்பார், பிறகு 90 என்பார். அவருக்கு வங்கி கொடுக்காத கடனை நீங்கள் வட்டியில்லாமல் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அதிலும் உதிரிப் பாகத்தை உங்கள் காசில் வாங்கிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. உங்கள் உழைப்பு பாக்கி நின்றால் வலிக்கும். உதிரிப் பாகத்தின் விலை பாக்கி நின்றால் தொழிலே நின்றுவிடும். எனவே பாகங்களை வாடிக்கையாளர் தன் பெயரிலேயே நேரடியாக வாங்கட்டும். முடியாதென்றால் அதற்கு மட்டும் முன்பணம். உங்கள் பில்லில் கூலி மட்டும் இருந்தால், சேமிப்பில் பாதியைக்கூடத் தொட வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

தள்ளாடுகிற வாடிக்கையாளரை முன்கூட்டியே அடையாளம் காண முடியும். வழக்கமாகக் கையெழுத்துப் போடுபவர் மாறி, எல்லா பில்லும் முதலாளி மேசைக்கே போக ஆரம்பிக்கும். "இப்போதைக்குப் பாதி வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார்கள். பில்லில் இல்லாத குறையெல்லாம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். இதில் இரண்டு ஒன்றாக வந்தால் புது வேலை எடுக்காதீர்கள். நிறுவனம் திவாலானால் அடமானம் வாங்கிய கடன்காரர்கள் முன்னால் நிற்பார்கள்; உங்களைப் போன்ற சின்ன சப்ளையர்கள் வரிசையின் வால். வால் வரைக்கும் பணம் வந்து சேருவது அரிது.

இன்னொரு விஷயம். வேலையை விடும் முன் உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் இத்தனை காலம் வேலை செய்யக் கூடாது என்ற மாதிரி ஒரு பத்தி சிலருக்கு இருக்கும். ஆட்குறைப்பில் போனால் வரும் ஈட்டுத்தொகை, நீங்களாகவே ராஜினாமா செய்தால் வராமல் போகலாம். அதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பட்டியலுக்குக் காத்திருப்பது சில சமயம் லாபம்!

ஸ்பேனர்:

இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, நன்றி. கடைசியில் சொன்ன ஈட்டுத்தொகை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நாளைக்கே பார்க்கிறேன்.

பழையஇரும்பு அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. கசிவு வேலைக்குக் கூலி கேட்டால் "இப்போது பணம் இல்லை" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, மிச்சமாகும் மின்கட்டணத்தில் ஒரு பங்கு கொடுங்கள் என்று கேட்டால்? அவர்களுக்கும் கையிலிருந்து போகாது அல்லவா?

இன்னொன்று, மூடிய தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் ஏலத்துக்கு வருகின்றன. மலிவாக வாங்கி, சரிசெய்து விற்கலாமா?

பழையஇரும்பு:

மிச்சத்தில் பங்கு என்பது காதுக்கு இனிமையாக இருக்கும், கையில் வராது. காரணம் சொல்கிறேன். மந்தத்தில் உற்பத்தி மாதத்துக்கு மாதம் மாறும். அடுத்த மாதம் பில் குறைந்தால் "அது ஆர்டர் குறைந்ததால்" என்பார் அவர். கூடினால் "உன் வேலை சரியில்லை" என்பார். இரண்டு பக்கமும் வாதாட உங்களுக்கு மீட்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. அதனால் பில்லை வைத்துப் பேசவே கூடாது. வேலைக்கு முன் அந்த லோடு-அன்லோடு சோதனை, வேலைக்குப் பின் அதே சோதனை, இரண்டு தடவையும் அவருடைய ஆள் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். கூலி முன்கூட்டியே பேசிய ஒரே தொகை. கசிவு இவ்வளவுக்குக் கீழே இறங்காவிட்டால் கூலி வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். கசிவை அடைத்தால் அளவு இறங்கியே தீரும், உங்களுக்கு அதில் பயமில்லை.

நிழல்வாசி:

அண்ணன் சொன்ன "இறங்காவிட்டால் கூலி வேண்டாம்" என்பதற்கு ஒரு பெரிய முன்னுதாரணமே உண்டு. 2009 ஜனவரியில் ஹூண்டாய் அமெரிக்காவில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கார் வாங்கி ஒரு வருடத்துக்குள் வேலை போய்விட்டால் காரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த வருடம் அங்கே மொத்தக் கார் விற்பனை சுமார் 21 சதவீதம் விழுந்தது. ஹூண்டாய் விற்பனை 8 சதவீதம் ஏறியது. திட்டம் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், அது மலிவான கார் என்பதும் ஒரு காரணம். ஆனாலும் வாங்க வசதி உள்ளவர்களும் பயத்தில் பணத்தை இறுக்கிப் பிடித்திருந்தார்கள் என்பது உண்மை. மற்றவர்கள் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்தபோது இவர்கள் அந்தப் பயத்துக்கு மருந்து கொடுத்தார்கள். உங்கள் வாடிக்கையாளருக்கு இருக்கிற பயம், பணம் கொடுத்தும் ஒன்றும் நடக்காமல் போய்விடுமோ என்பதுதான்.

பழையஇரும்பு:

ஏலம் பற்றிக் கேட்டீர்களே. மற்றவன் விட்டுப்போன இடத்தை மலிவாகப் பிடித்து ஜெயித்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. 1930 ஆகஸ்டில், பெரும் மந்தம் ஆரம்பித்த மறு வருடம், மைக்கேல் கல்லன் என்பவர் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் காலியாகக் கிடந்த ஒரு கராஜை வாடகைக்கு எடுத்து 'கிங் கல்லன்' என்ற கடையைத் திறந்தார். சூப்பர்மார்க்கெட் என்ற வகைக்கே அதை முன்னோடி என்கிறார்கள். முக்கியத் தெருவில் அலங்காரக் கடை போடாமல் கராஜில் சரக்கை மலைபோல் அடுக்கி, குறைந்த லாபத்தில் நிறைய விற்றார். ஆனால் அவருக்கு மளிகைச் சங்கிலிக் கடைகளில் வேலை பார்த்த அனுபவம் ஏற்கெனவே இருந்தது, வாடகைதான் மலிவாகக் கிடைத்தது. அந்த வரிசை முக்கியம்.

நீங்கள் ஏலத்தில் இயந்திரம் வாங்கினால் பணம் இரும்பாக நின்றுவிடும். மந்தத்தில் அதைத் திருப்பி வாங்க யார் இருக்கிறார்கள்? புது இயந்திரம் வாங்காதவர் பழையதையும் யோசித்துத்தான் வாங்குவார். பழைய கன்ட்ரோலர் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, மேனுவல் இருக்காது, ஏற்றி இறக்கும் கூலியே விலையைத் தாண்டும். வாங்குவதென்றால் முழு இயந்திரத்தை விட்டுவிட்டு, ஸ்டோரில் கிடக்கும் உதிரிப் பாகங்களின் லாட்டைப் பாருங்கள். பேரிங், சீல், சாலினாய்டு வால்வு, காண்டாக்டர், சென்சார் என்று பெட்டி பிரிக்காமல் கிடக்கும். அதிலும் உங்கள் வாடிக்கையாளர்களிடம் ஓடுகிற மாடலுக்குப் பொருந்துவதை மட்டும். ரப்பர் சீலாக இருந்தால் தேதி பாருங்கள், வருடம் கடந்தது பெட்டியிலேயே இறுகியிருக்கும். தயாரிப்பு நின்றுபோன மாடலின் எலக்ட்ரானிக் கார்டு ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். பழைய இயந்திரத்தை இழுத்துப் பிடித்து ஓட்டுகிற காலத்தில் அதைத் தேடி அலைகிறவர் ஒருவராவது இருப்பார்.

முதல் வருடம் அதுகூட வேண்டாம் என்பேன். கையில் வேலை, பில்லில் கூலி.

ஸ்பேனர்:

சரி அண்ணா, இயந்திர ஆசையை ஓரம் கட்டிவிட்டேன். வரும் விடுமுறை நாளில் எங்கள் கம்ப்ரசரிலேயே சோதனையைச் செய்து பார்க்கப் போகிறேன். முடிவை யாரிடம் காட்டினால் வேலைக்கு ஆகும்? எங்கள் பராமரிப்புத் தலைவர் இதைத் தன் மேல் வைக்கிற குற்றமாக எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

பழையஇரும்பு:

எடுத்துக்கொள்ளத்தான் செய்வார். அதனால் முதலில் அவரிடமே தனியாகக் காட்டுங்கள், தாளில் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு இரண்டு பேருமாகப் போய் மின்கட்டண பில்லில் கையெழுத்துப் போடுபவரிடம் கொடுங்கள். சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள், அவருக்கு அது ஒன்றும் சொல்லாது. கம்ப்ரசர் ஒரு மணி நேரம் லோடில் ஓட எத்தனை யூனிட், அதில் கசிவுக்கு எத்தனை, மாதத்துக்கு எவ்வளவு பணம் என்று மூன்று வரி போதும். சோதனையின்போது டிரையர் பர்ஜ் காற்று (காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர், தன்னைக் காயவைக்க வெளியே விடும் காற்று) திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஹீட்டர் இல்லாத டிரையர் அதுவே நிறையக் காற்றைத் தின்னும். அதைக் கசிவில் சேர்த்துவிட்டால் அவர் அந்த இடத்தில்தான் பிடிப்பார். எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.